இடது பக்கத்து நூல்

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணி எழுதுவது. கடவுள் கண் திறந்து பார்த்தார், உன் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரரின் பல்வலி தேவலையா? பிடுங்கப் பயந்துகொண்டு ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாய்.

நெசவாலை இரைச்சல் உன் காதை வாங்கிக்கொண்டதிலிருந்து நமக்குள் போன் நின்று கடிதம் என்றாகிவிட்டது. அதுவும் நல்லதுதான். எங்கள் வீடு ஒரே கூடம். இங்கே எதைப் பேசினாலும் அவர் காதில் விழும். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

பக்கவாதம் இடது கையையும் இடது காலையும் இழுத்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, குரல் மட்டும் ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாக வருகிறது. நினைவும் தெளிவு. உன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். ஆனால் என்னைப் பார்ப்பதில்லை.

பார்ப்பதில்லை என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன், முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருக்கிறார். கூப்பிட்டால் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்கிறார். நேற்று நான் தண்ணீரோடு நின்றுகொண்டிருக்கும்போதே, "வீட்ல யாருமே இல்லையா?" என்று கேட்டார். தண்ணீரை அங்கேயே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானா போட்ட? இன்னும் கொஞ்சம் போடு" என்கிறார். குத்திக்காட்டுகிறார் என்றுதான் தோன்றுகிறது.

அவரோடு டைல்ஸ் பதிக்கும் கூட்டாளி பார்க்க வந்தார். மட்டம் பார்க்கும் கருவியின் பேரால் எல்லோரும் ரசமட்டம் என்று கூப்பிடுவார்களே, எப்போதும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டே நடக்கிறவர், அவர்தான். வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். இவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அந்த மனிதர் முகம் வாடி எழுந்து போனார். இவ்வளவு பக்தியுள்ளவர், சாமி மாடத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. கட்டிக்கொண்டவளை இப்படிச் சகித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டுமா அவர்? உன் மேல் எப்போதும் உயிர். கொஞ்சம் தேறியதும் உன் வீட்டுக்கு அனுப்பிவைக்கட்டுமா? யோசித்து எழுது.

உன் அண்ணி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணி,

கும்பிடுகிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், பல்லைத் தவிர. அது இன்னும் வாயில்தான் இருக்கிறது, அவர் இன்னும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

அண்ணன் இங்கே வருவதற்குக் கேட்க வேண்டுமா? கூடத்தை ஒழித்துக் கட்டில் போட்டுவிடுவேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம்?

ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கு முதலில் போனது இடது காதுதான். வலது காது அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வேலை செய்தது. அந்த நாட்களில் இடது பக்கம் வந்து யாராவது பேசினால் நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். மேஸ்திரி ஆனதும் திமிர் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எவ்வளவோ பேர் மனதை நோகடித்திருக்கிறேன், நோகடித்ததே எனக்குத் தெரியாது. பிறகு, கூட நடக்கிறவர்களை வலது பக்கம் இழுத்து விட்டுக்கொள்ளப் பழகினேன்.

ரசமட்டம் உட்கார்ந்த நாற்காலி, சாமி மாடம், நீங்கள் நிற்கும் இடம் எல்லாம் கட்டிலுக்கு எந்தப் பக்கம் இருக்கின்றன? ஜன்னல் எந்தப் பக்கம்? தட்டில் மீதி வைக்கிறாரே, அது எந்தப் பாதி? சாப்பாட்டின் மேல் கோபமா, பாதியின் மேல் கோபமா? பார்த்து எழுதுங்கள். நீங்கள் கணக்கு எழுதிப் பழகிய கை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவீர்கள்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா? அதையும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 5

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதைக் கடவுள் எழுத வைத்தார் என்றே நம்புகிறேன்.

வாசல், நாற்காலி, சாமி மாடம், நான் எல்லாமே அவருக்கு இடது பக்கம். ஜன்னல் மட்டும் வலது. கடிதம் வந்த அன்றே, ஒன்றும் சொல்லாமல் கட்டிலைச் சுற்றிப் போய் ஜன்னல் பக்கம் நின்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க போயிருந்த இவ்வளவு நாளா?" என்றார்.

"இங்கதான் இருந்தேன்."

"உன் தம்பி வீட்டுக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன். சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளாக ஒருவர் மேல் ஒருவர் கோபமென்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

தட்டில் மீதியாவதும் இடது பாதிதான். சாப்பிட்டு முடித்து "இன்னும் போடு" என்றதும் நான் ஒன்றும் போடவில்லை, தட்டை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பினேன். "இப்பதான் கொஞ்சம் நெறைய போட்டிருக்க" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். இருந்ததிலும் இடது பாதியை மறுபடி விட்டுவிட்டார். மறுபடியும் திருப்பினேன். மந்திரவாதி மாதிரி இருந்தது. சவரமும் அப்படித்தான், வலது கன்னம் பளபள, இடது கன்னம் புதர். கண்ணாடியில் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்கிறார். சட்டையில் ஒரு கையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு இப்போது இதைத் தவிர வேறு வேலையில்லை. எலுமிச்சம்பழத்தை மேஜையில் வலது ஓரத்திலிருந்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்திப் பார்ப்பது, எந்த இடத்தில் அது அவருக்குக் காணாமல் போகிறது என்று கவனிப்பது. சில நாள் நடுவிலேயே போய்விடுகிறது. களைப்பில்லாத காலை வேளையில் இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது.

சாமியை நகர்த்த மனம் வரவில்லை. அதனால் பக்கத்து வீட்டாரைத் துணைக்குக் கூப்பிட்டுக் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது வாசலும் மாடமும் நானும் அவருக்கு வலது பக்கம். யார் வந்தாலும் கண்ணில் படுகிறார்கள். ரசமட்டத்துக்கும் சொல்லியனுப்பினேன், வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனார். அனுப்பிவைக்கும் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

உன் வீட்டுக்காரரிடம் சொல், வலிக்கும் பல் எந்தப் பக்கமென்று எனக்கும் எழுதச் சொல்.

உன் அண்ணி

*

மார்ச் 22

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டு ஆலையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னவென்று சைகையில் கேட்டாள். தட்டைத் திருப்பியதைக் கையாலேயே நடித்துக் காட்டினேன். வலிக்கும் பல் வலது பக்கமாம். இடது பக்கத்தையே மறந்த அண்ணனுக்கு அந்தப் பல் வாய்த்திருந்தால் பாவம், ஒரு வாய்கூட நிம்மதியாக மென்றிருக்க மாட்டார்.

கேட்கக் கேட்க எனக்குக் கேள்விதான் கூடுகிறது. காது போனபோது எனக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, அப்படியானால் குறை என்னிடம் என்று புரிந்தது. அண்ணனுக்கு அது புரிகிறதா? அந்தப் பக்கம் இருட்டாகத் தெரிகிறதா, புகையாகவா? அல்லது அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லையா? கண் கெட்டுவிட்டதா, அல்லது கண் நன்றாக இருந்தும் பார்க்கத் தோன்றவில்லையா? அவரையே கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

என் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் வரவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன்.

உங்கள் நாத்தனார்

*

ஏப்ரல் 18

அன்புள்ள தங்கைக்கு,

கடவுள் துணையோடு நாள் நகர்கிறது. அங்கே வெயில் எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடி கேட்டேன். அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, இடது பக்கம் உங்களுக்கு இருட்டாக இருக்கிறதா என்றேன். என்னையே திருப்பிக் கேட்டார்.

"உன் முதுகுக்குப் பின்னால உனக்கு இருட்டாவா இருக்கு?"

இல்லையென்றேன்.

"பின்ன எப்படி இருக்கு?"

நீயும் யோசித்துப் பார். பின்னால் இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அங்கே ஒன்றும் குறையவுமில்லை. அப்படித்தான் இருக்கிறதாம் அவருக்கு, எல்லாம் முழுசாக. பிறகு தன் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து வலது கையால் வெளியே எடுத்து, "யாரோட கை இது?" என்றார். உங்கள் கைதான் என்றேன். "என் கையா? இவ்வளவு சோம்பேறியா இருக்கே, உன் தம்பி கையோன்னு பாத்தேன்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. விளையாட்டா நிஜமா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

வாரம் ஒருமுறை பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபி அம்மா கட்டிலைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். ஏன் திருப்பினீர்கள் என்றார். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணில் கோளாறில்லை, அந்தப் பக்கத்தைக் கவனிக்க மூளைதான் மறந்துவிட்டது, இடது பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லாமல் நீங்கள் செய்துவிட்டால் அது என்றைக்குமே திரும்பாது என்றார். கடையை மூடிவிட்டு வியாபாரம் வரவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது என் வேலை. கட்டிலைப் பழையபடி போடச் சொன்னார். இடது பக்கமே நில்லுங்கள், அந்தப் பக்கமிருந்தே பேசுங்கள், அந்தக் கையைத் தொட்டுக் கூப்பிடுங்கள், திரும்பும்வரை காத்திருங்கள் என்றார். ஆஸ்பத்திரியிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். மாத்திரை வேளையைத் தவிர வேறெதுவும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

பழையபடி போட்டாயிற்று. நானும் பழையபடி காணாமல் போய்விட்டேன். கொஞ்ச நாள் அவர் கண்ணில் இருந்தேன், அதுவே ஒரு பெரிய வரம்.

பேனா சரியில்லை. இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் அண்ணி

*

மே 3

அன்புள்ள அண்ணி,

என் காதுக்குப் பொருந்தியது அண்ணன் மூளைக்குப் பொருந்தும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கட்டிலைத் திருப்ப வைத்தது என் புத்தி. மன்னியுங்கள். போன காது போனதுதான், அதனால் எனக்கு ஒதுங்கிக்கொள்வது சரியாக இருந்தது. அவருக்குப் போனது திரும்பக்கூடியது என்றால் ஒதுங்கவே கூடாதுதான்.

முதுகுக்குப் பின்னால் இருட்டா என்ற கேள்வி என்னை விடவே இல்லை. தறிகளுக்கு நடுவில் நின்று அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னவோ இருக்கிறது என்று பயந்து மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் சமையலறைத் தரையை அண்ணன்தான் போட்டுக் கொடுத்தார். சிமெண்ட் கலக்கும் முன்பே இடது சுவரோரம் ஒரு நூல் கட்டுவார். கட்டி, விரலால் சுண்டி, இறுக்கம் பார்த்து, அதன் பிறகுதான் இடது மூலையில் முதல் கல்லை வைப்பார். எனக்கு அவசரம். சுவரே நேராகத்தானே இருக்கிறது, நூல் எதற்கு என்றேன். "சுவரை நம்பக் கூடாது, கண்ணையும் நம்பக் கூடாது. நூலைக் கண்டுபுடிச்சு அங்கேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கண் நூலுக்குத்தான் திரும்பப் போகும்.

வாழ்நாள் முழுக்க அந்தக் கண் இடது ஓரத்தில் நூலைத் தேடியிருக்கிறது. மூளை மறந்தாலும் வேலை மறந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை. மறுபடி தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. பிசியோதெரபி அம்மாவைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று. உங்கள் எழுத்து போன கடிதத்தில் முழுக்கச் சரிந்திருந்தது. பேனா கெட்டால் மை திட்டுத்திட்டாக வரும், எழுத்து சாயாது. கையில் என்ன?

உடனே பதில் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 10

அண்ணி,

இன்னும் பதில் இல்லை. அண்ணனுக்கு ஒன்றுமில்லையே? உங்களுக்கு ஒன்றுமில்லையே? நான் போனில் கேட்க முடியாதவள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு வரி போதும்.

உங்கள் நாத்தனார்

*

ஜூன் 24

அன்புள்ள தங்கைக்கு,

தவிக்க விட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாம் கடவுள் கருணையில் நல்லபடியாக இருக்கிறது. நல்லது நடந்திருக்கிறது, அதை முதலில் சொல்கிறேன்.

நூல் விஷயத்தை அந்த அம்மாவிடம் சொன்னேன். ஆச்சரியப்பட்டார். இடது ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஏதாவது ஒட்டி, அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே ஆரம்பிக்கப் பழக்குவது அவர்கள் செய்வதுதானாம். இவர் ஏற்கெனவே பழகியவர் என்றால் இன்னும் நல்லது, செய்து பாருங்கள் என்றார். ரசமட்டத்துக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வேலைப் பையிலிருந்து சிவப்பு நூற்கண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, சாப்பிடும் மேஜையின் இடது விளிம்போரம் ஆணி அடித்துக் கட்டினார்.

உன் அண்ணன் உட்கார்ந்தார். ரசமட்டம்தான் "மேஸ்திரி, நூல் எங்க?" என்றார். வேலைத்தளத்தில் காலையில் முதலில் கேட்கும் கேள்வியாம் அது. இவர் தலை ஜன்னலிலிருந்து திரும்பியது. நடுவில் வந்து நின்றது. வலது கையால் மேஜையைத் தடவிக்கொண்டே போனார், கை போன வழியில் கண்ணும் போனது. விரல் நூலில் பட்டதும் சுண்டிப் பார்த்தார்.

"எவன்டா இவ்வளவு தொய்வா கட்டினது?"

ரசமட்டம் அழுதுகொண்டே அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

இப்போது தட்டு வைத்தால் முதலில் நூலைத் தேடுகிறார், தேடிவிட்டால் தட்டு முழுக்கக் காலியாகிறது. களைப்பாக இருந்தால் மறந்துபோகிறார், நூல் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. கண்ணாடிக்கு இடது ஓரத்திலும் வாசல் நிலையின் இடது ஓரத்திலும் கட்டியாயிற்று. சக்கர நாற்காலியை வாசலில் இடித்துக்கொள்வது குறைந்திருக்கிறது. வீடு பார்ப்பதற்குத் தரை போடப்போகிற வீடு மாதிரி இருக்கிறது. வருகிறவர்கள் என்ன வேலை நடக்கிறது என்று கேட்கிறார்கள்.

நான் இடது பக்கம் நின்றால் மட்டும் அவர் கண் இன்னும் என்னிடம் வருவதில்லை. நூல் வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறார். பரவாயில்லை.

எழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது கிடக்கட்டும், பிறகு சொல்கிறேன்.

உன் அண்ணி

*

ஜூலை 8

அன்புள்ள அண்ணி,

நூல் கதையை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மச்சான் அவ்வளவு தூரம் தேடிப் போகிறார், நான் பல்லுக்குப் பயப்படுகிறேனே என்று மறுநாளே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். உங்களால் நடந்த இன்னொரு நல்லது.

இப்போது என் முறை. உங்கள் கடிதங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பிவைத்துப் படித்தேன். அண்ணன் என்ன சாப்பிட்டார், எப்படித் திரும்பினார், எலுமிச்சம்பழம் எங்கே காணாமல் போனது என்றெல்லாம் கேட்டேன், ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்டேன். அது மட்டும் எந்தக் கடிதத்திலும் இல்லை. பதில் சொல்ல மறுக்கவில்லை நீங்கள். அப்படி ஒரு கேள்வி கண்ணில் படவே இல்லை போலிருக்கிறது. தட்டில் அந்தப் பாதி அப்படியே கிடக்கிறது.

அண்ணனை அனுப்பட்டுமா என்று முதல் கடிதத்தில் கேட்டீர்கள். அவர் வர வேண்டாம். அவருக்கு நூல் அங்கே கட்டியிருக்கிறது. நான் வருகிறேன். ஆலையில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அடுத்த மாதம் கிடைக்கும். விருந்தாளியாக வரவில்லை. தூக்குவது, துடைப்பது, தட்டைப் பார்ப்பது எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நீங்கள் போய்ப் படுக்க வேண்டும். கோயிலுக்குப் போய் எவ்வளவு காலமாயிற்று? கேட்டால் இதற்கும் பதில் வராது.

எழுத்து ஏன் சாய்கிறது, அண்ணி? இந்த ஒரு கடிதத்தில் அண்ணனைப் பற்றி ஒன்றுமே எழுத வேண்டாம்.

உங்கள் நாத்தனார்

*

ஜூலை 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணனைப் பற்றி எழுதாதே என்கிறாய். அவர் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஆனால் இது என்னைப் பற்றியதுதான்.

ஏப்ரலில் கட்டிலைப் பழையபடி திருப்பிப் போட்ட அன்று, அவரை நாற்காலிக்கு மாற்றும்போது இடது கால் மடங்கி முழு கனமும் என் மேல் வந்தது. கீழே விழாமல் பிடித்துவிட்டேன். வலது மணிக்கட்டில் ஏதோ முறிந்த மாதிரி ஒரு சத்தம். துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவரை யார் பார்ப்பார்கள்? சொன்னால் நீ அவரை உன்னிடம் அழைத்துக்கொள்வாய், நான் அவர் கண்ணில் படாவிட்டாலும் அவர் வீட்டில் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று தோன்றியது. அதனால் பேனா மேல் பழி போட்டேன். யார் வந்தாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவருக்கு முன்னால் மறைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் இடது பக்கத்தில் அல்லவா இருந்தேன்.

தட்டில் அந்தப் பாதி அப்படியே கிடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுச் சாமி மாடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதம் தினமும் அவருக்காக மட்டுமே வேண்டியிருக்கிறேன். எனக்கென்று என்ன கேட்பது என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை.

பிறகு எழுந்து, மேஜை நூலின் முனையை ஆணியிலிருந்து அவிழ்த்து என் வலது கை விரலில் சுற்றிக்கொண்டு, அவருக்கு இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. நூல் எங்கே என்றும் கேட்கவில்லை. சும்மா காத்திருந்தேன்.

தட்டு வைத்திருந்தது. அவர் கை மேஜையைத் தடவி நூலுக்கு வந்தது. சுண்டினார். இறுக்கமில்லை. "யாரு இதை அவுத்தது?" என்று முனகிக்கொண்டே தொய்வு எங்கே என்று நூலைப் பிடித்துக்கொண்டு போனார். மேஜை விளிம்பு முடிந்தது. எப்போதும் அங்கே நின்றுவிடுவார். நூல் முடியவில்லை, அதனால் நிற்கவில்லை. தலை திரும்பிக்கொண்டே வந்தது. என் விரலைப் பிடித்தார். மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பிடித்தார்.

"யாரோட கை இது?"

"என் கைங்க."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இடது பக்கம் இருந்த என் முகத்தை.

"வீங்கிக் கெடக்கு. எப்போலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

"யார்கிட்ட காட்டின?"

"யார்கிட்டயும் காட்டல."

அவர் நூலை விடவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். தட்டையாகப் போன அந்தக் குரலில் பழைய அதட்டல் துளி எட்டிப் பார்த்தது. நான் பதில் சொல்லுமுன் அவரே கண்ணை மூடிக்கொண்டார். "பக்கத்துலயே இருந்திருக்க" என்றார். அதன் பிறகு சாப்பிடவில்லை. ஒரு கையால் அந்தத் துணியை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. தன் இடது கையைத் தேடி எடுத்து என் கைக்கு அடியில் வைத்துக்கொண்டார், அணை கொடுக்கிற மாதிரி. அது யார் கை என்று இந்த முறை கேட்கவில்லை.

ரசமட்டத்துக்கு அவரே ஆள் அனுப்பினார். வீட்டில் ரசமட்டம் துணையிருக்க, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படமெடுத்துக் காட்டினேன். பழைய விரிசல், கோணலாகக் கூடியிருக்கிறது என்று திட்டிவிட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். தூக்கக் கூடாது, பிழியக் கூடாது. இதை நான் சொல்லச் சொல்ல ரசமட்டம்தான் எழுதுகிறார். எழுத்து சாய்ந்திருந்தால் இந்த முறை அவர் தலையைச் சொல். இதை எழுதும்போது அவர் முறைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

இன்றைக்கும் உன் அண்ணனுக்கு இடது பக்கம் மறந்துதான் போகிறது. காலையில் தட்டில் பாதி மிஞ்சியது. நாளைக்கு நான் மறுபடி காணாமல் போகலாம், மறுபடி நூலைக் கட்டிக்கொண்டு உட்காருவேன்.

நீ கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு வருகிறேன். நான் நலமாக இல்லை. கை வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, நிம்மதியாகத் தூங்கி வெகுநாளாகிறது. கோயிலுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. சீக்கிரம் வா.

வரும்போது இடது பக்கமாகவே உள்ளே வா. அவர் திரும்பும்வரை நின்று பார்ப்போம்.

உன் அண்ணி